நாம் திரும்பும் முன்பே நம் பக்கம் திரும்பும் இறைவன்



"நான் செய்த பாவத்துக்கு எந்த முகத்தோடு பள்ளிக்கு வருவேன்? முதலில் திருந்திக்கொள்கிறேன், பிறகு தொழ வருகிறேன்" என்று சொல்பவர்களை நாம் எல்லா ஊர்களிலும் பார்க்கிறோம். கேட்பதற்கு இது பணிவாகத் தெரியும். ஆனால் அல்லாஹ்விடமிருந்து மனிதனைத் தூரமாக்க ஷைத்தான் விரிக்கும் வலைகளில் இதுவும் ஒன்று.

'தவ்பா' என்ற சொல்லுக்குத் திரும்புதல் என்று பொருள். அடியான் திரும்புவதற்கும், அல்லாஹ் அடியானின் பக்கம் கருணையோடு திரும்புவதற்கும் குர்ஆன் இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறது. அல்லாஹ்வின் அழகிய பெயர்களில் ஒன்று 'அத்தவ்வாப்'. யார் முதலில் திரும்புகிறார்? இதற்கான விடை கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் வாழ்வில் இருக்கிறது.

ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு. கடும் வெயில், பழங்கள் கனிந்திருந்த காலம். நபி (ஸல்) அவர்கள் தபூக் போருக்குப் புறப்பட்டார்கள். கஅப் (ரலி) அவர்களிடம் வசதி இருந்தது, உடல் பலம் இருந்தது, வாகனமும் இருந்தது. 'இன்று ஆயத்தமாகலாம், நாளை ஆயத்தமாகலாம்' என்று தள்ளிப் போட்டார்கள். படை வெகுதூரம் போய்விட்டது.

நபி (ஸல்) அவர்கள் மதீனா திரும்பியதும், பின்தங்கிய எண்பதுக்கும் மேற்பட்டோர் வந்து சாக்குச் சொன்னார்கள். நாவன்மை மிக்க கஅப் (ரலி) அவர்களும் ஒரு காரணத்தை ஜோடித்திருக்க முடியும். ஆனால், 'எனக்கு எந்தக் காரணமும் இல்லை' என்று உண்மையைச் சொன்னார்கள்.

அவர்களோடும், அவர்களைப் போன்றே உண்மை சொன்ன இருவரோடும் யாரும் பேசக் கூடாது என்று கட்டளை வந்தது. ஊரே முகம் திருப்பிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து கஸ்ஸான் மன்னனிடமிருந்து, 'எங்களிடம் வந்துவிடுங்கள்' என்று கடிதம் வந்தது. கஅப் (ரலி) அவர்கள் அதை அடுப்பில் போட்டு எரித்தார்கள்.

சகோதரர்களே! எல்லோரும் ஒதுக்கியபோதும் அவர்கள் பள்ளியை விட்டு ஒதுங்கவில்லை. நபி (ஸல்) அவர்களுக்கு அருகில் நின்று தொழுவார்கள். கஅப் (ரலி) அவர்களே பின்னாளில் கூறினார்கள்: தொழுகையில் நான் ஈடுபட்டிருக்கும்போது நபியவர்கள் என்னைப் பார்ப்பார்கள், நான் அவர்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். தண்டனை நீடித்த நாட்களிலும் அன்பு அற்றுப்போகவில்லை!

50ஆம் நாள் காலை, சுப்ஹு தொழுதுவிட்டு வீட்டின் மேல்தளத்தில் இருந்தபோது, ஸல்உ மலையிலிருந்து நற்செய்தி கூறும் குரல் கேட்டது. உடனே ஸஜ்தாவில் விழுந்தார்கள். அந்த மூவர் குறித்து இறங்கிய வசனம் (9:118) என்ன சொல்கிறது தெரியுமா? அவர்கள் திரும்பி வர வேண்டும் என்பதற்காக அல்லாஹ் அவர்கள் பக்கம் திரும்பினான் என்கிறது. அல்லாஹ்வின் திரும்புதலே முதலில் வருகிறது!

அப்படியானால், பாவத்தை நினைத்து உங்கள் உள்ளம் இன்று உறுத்துகிறதே, அந்த உறுத்தலே அல்லாஹ் உங்களைக் கைவிடவில்லை என்பதன் அடையாளம்.

உணவும் நீரும் சுமந்த ஒட்டகத்தைப் பாலைவனத்தில் தொலைத்து, சாவை எதிர்பார்த்துக் கிடந்தவன், கண் விழித்ததும் அது எதிரே நிற்கக் கண்டால் எவ்வளவு மகிழ்வான்? அடியானின் தவ்பாவைக் கண்டு அல்லாஹ் அதைவிட அதிகம் மகிழ்வதாக நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. நம்மிடம் எந்தத் தேவையும் இல்லாத ரப்பு, நமக்காக மகிழ்கிறான்!

ஆனால் தவ்பா வெறும் வாய்ச்சொல் அல்ல. பாவத்தை உடனே விட வேண்டும். செய்ததற்கு வருந்த வேண்டும். இனி செய்வதில்லை என்று உறுதி கொள்ள வேண்டும். பிறர் பணத்தையோ சொத்தையோ எடுத்திருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். தங்கையின் வாரிசுப் பங்கை வைத்துக்கொண்டு தஸ்பீஹ் மணியை உருட்டுவது தவ்பா ஆகாது.

திருந்திய பிறகு தொழ வருவோம் என்று காத்திருக்காதீர்கள். தொழ வாருங்கள், திருந்துவதற்கான பலத்தை அவனிடமே கேளுங்கள். இன்றைய அஸருக்கே வாருங்கள். நாளை என்பது நமக்கு வாக்களிக்கப்பட்டதல்ல.

யா அல்லாஹ்! எங்களை உன் பக்கம் திருப்புவாயாக. எங்கள் தவ்பாவை ஏற்று, அதில் எங்களை நிலைத்திருக்கச் செய்வாயாக. ஆமீன்.