மழைக்காட்டுக்குப் போகிறீர்களா?

கேள்வி: மகள் தாவரவியல் படிக்கிறாள். வால்பாறைக் காட்டைக் காட்ட ஆசை. ஆய்வுக்கும் மாதிரி எடுத்துவரலாமா? - வாசகி, ஈரோடு

பதில்: ஆசை நல்லது, பறிக்கும் ஆசை மட்டும் வேண்டாம். ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள் ஓர் இலையைக் கிள்ளவும் அனுமதி வேண்டும். ஆய்வென்றால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வனத்துறையிடம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். கல்லூரி வழியாக, நேரம் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

பார்க்கவோ தடையில்லை. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். 9-ஆவது வளைவருகே வண்டியை மெதுவாக்குங்கள். பாறை விளிம்பில் வரையாடு நிற்கக்கூடும். புதுத்தோட்டத்தில் சாலைக்கு மேலே அண்ணாந்து பாருங்கள். தீயணைப்புக் குழாயில் பின்னிய தொங்குபாலம் தெரியும். சிங்கவால் குரங்குகள் வண்டியில் அடிபடாமல் மரத்துக்கு மரம் தாவ அமைத்தது. பிஸ்கட் நீட்டினால் அவை சாலைக்கே இறங்கிவிடும். பாலம் கட்டியும் பயனில்லை.

ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையில் அட்டை கால்விரலிடுக்கில் ஏறிய பிறகுதான் தெரியும். முழங்கால்வரை அட்டைச் சாக்ஸ் போடுங்கள். மழை ஓய்ந்த டிசம்பர், ஜனவரி உங்களுக்குத் தோது. மகளிடம் குறிப்பேடும் பென்சிலும் கொடுங்கள். மழையில் பேனா மை கரைந்துவிடும்.