ஆண் மீன் இல்லாத தொட்டியில்

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் குறிப்பேட்டில் சிவப்பு மையால் ‘தவறு’ என்று எழுதினேன். தவறு என்னுடையது என்பது புரிய எனக்கு ஒரு மாதம் ஆனது.

சடையங்குப்பத்திலிருந்து எங்கள் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் மீனை நன்கு அறிந்தவர்கள். எண்ணூர்க் கழிமுகத்தில் பிடிபடும் மடவையின் சினையை வீட்டில் பார்த்தவர்கள். “மீன்னா முட்டைதான் போடும் மிஸ்” என்றார்கள். அதனால் கொளத்தூரில் இரண்டு ஜோடி கப்பி மீன்கள் வாங்கி, வகுப்பறை மூலையில் ஒரு தொட்டியில் விட்டேன்.

மூன்றாம் வாரம் பெரிய பெண் மீன் குஞ்சுகளை ஈன்றது. தாயே குஞ்சுகளைத் துரத்தித் தின்றதைக் கண்ட அந்த மாணவி, தாயை மட்டும் ஒரு கண்ணாடிச் சாடிக்கு மாற்றினாள். நான்கு வாரம் கழித்து அவள் எழுதியிருந்தாள்: ‘மறுபடியும் 17 குட்டி. சாடியில் ஆண் மீன் இல்லை.’

யாரோ ஆண் மீனை உள்ளே விட்டிருப்பார்கள் என்று நான் முடிவு கட்டினேன். “நான் யாரையும் கிட்டவே விடல மிஸ்” என்றாள். அதற்குப் பிறகு குறிப்பேட்டில் அவள் எதுவும் எழுதவில்லை.

அரையாண்டு விடுமுறையில் அந்தச் சாடியை என் வீட்டுக்குக் கொண்டு சென்றேன். ஆண் மீனே இல்லாத என் வீட்டில், ஒரு காலையில் மீண்டும் குஞ்சுகள்! பிறகுதான் தேடிப் படித்தேன். பெண் கப்பி ஒருமுறை இணைந்தால், ஆணின் விந்தணுக்களைத் தன் உடலில் பல மாதங்கள் சேமித்து வைத்து, அடுத்தடுத்த ஈற்றுகளுக்குப் பயன்படுத்தும்.

பள்ளி திறந்ததும் சிவப்பு மைக்குக் கீழே ‘நீ எழுதியதே சரி’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். வகுப்பின் முன் அவளிடம் மன்னிப்பும் கேட்டேன்.

பாடக்கருத்து

மடவை கடலில் லட்சக்கணக்கான முட்டைகளை இடும்; கருவுறுதல் நீரில் நடக்கும். கப்பி, மோலி, பிளாட்டி ஆகியவற்றில் கருவுறுதல் தாயின் உடலுக்குள் நடக்கிறது. ஆணின் மலவாய்த் துடுப்பு நீண்டு, விந்தணுவைச் செலுத்தும் உறுப்பாக மாறியுள்ளது. கப்பியின் கரு, முட்டையின் மஞ்சள் கருவை உண்டு சுமார் நான்கு வாரம் வளர்கிறது. பாலூட்டிகளைப் போலத் தொப்புள்கொடி இல்லை. பிறந்த குஞ்சு உடனே நீந்தும். முட்டைகள் குறைவு, பாதுகாப்பு அதிகம்.

வகுப்பறைச் செயல்பாடு

1. ஆண், பெண் மீன்களை உடல் அளவு, நிறம், மலவாய்த் துடுப்பு ஆகியவற்றைக் கொண்டு பிரித்தறியச் செய்யலாம்.
2. ஆண் மீன் உடலை வளைத்துப் பெண்ணின் முன் நடுங்கி ஆடுவதை, ஐந்து நிமிடத்தில் எத்தனை முறை எனக் குறிக்கலாம்.
3. பெண்ணின் வயிற்றின் பின்பகுதியில் உள்ள கரும்புள்ளி நாளுக்கு நாள் பெரிதாவதை வரையலாம்.
4. குஞ்சுகள் ஒளிந்துகொள்ள வேலம்பாசி இட வேண்டும். பொடித்த அவித்த மஞ்சள் கருவைச் சிட்டிகையளவு கொடுத்தால் போதும்.

ஓர் எச்சரிக்கை

குஞ்சுகள் பெருகியதும், “கொசஸ்தலை ஆத்துல விட்டுடலாமா மிஸ்?” என்று பிள்ளைகள் கேட்டார்கள். அந்த மாணவியே பதில் சொன்னாள்: “ஒரே ஒரு பொம்பள மீன் போனா போதும், ஆறு முழுக்க ஆயிடும்.”

அவள் சொன்னது சரி. கொசுவை ஒழிக்க 1928இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கம்பூசியாவும் கப்பியின் குடும்பமே. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இன்று அது இடம்பெற்றுள்ளது. நம் நீர்நிலைகளின் சிறு மீன்களுக்கு இவை போட்டி.

சடையங்குப்பம் மழைக்காலத்தில் வெள்ளம் சூழும் ஊர். எனவே ஐப்பசிக்கு முன்பே தொட்டியை உயரமான இடத்துக்கு மாற்றி, வலையால் மூடிவிடுகிறோம். அந்தப் பொறுப்பை இப்போது அவளே பார்த்துக்கொள்கிறாள். குறிப்பேட்டையும் தொடர்கிறாள்.