வெளிச்சம் மட்டும் போதாது

அன்புள்ள கயல்விழி,

"செரோடோனின் மகிழ்ச்சி ஹார்மோன்தானே, அதற்கும் உடல் கடிகாரத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று படியிறங்கும்போது கேட்டாய். முதலில் அந்தப் பட்டப்பெயரைத் தூக்கிப் போடு. உடலின் செரோடோனினில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடலில் இருக்கிறது. அது மூளைக்குள் நுழையாது. வாழைப்பழம் தின்றால் மூளையில் செரோடோனின் ஏறும் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

மூளைத்தண்டின் ராஃபே நரம்பணுக்கள்தான் அந்த உலைக்களம். நாம் விழித்து நடமாடும்போது அவை மும்முரமாக இயங்கும், உறங்கினால் அடங்கும், கனவுறக்கத்தில் ஏறக்குறைய ஓய்ந்தேவிடும். அவற்றின் இழைகள் ஹைப்போதலாமஸிலுள்ள கடிகாரத்துக்கு நேராகவும் போகின்றன, தலாமஸிலுள்ள ஒரு சிறு மடல் வழியாகச் சுற்றியும் போகின்றன. விழித்திரையிலிருந்து கடிகாரத்துக்கு வரும் நரம்பு முனைகளில் செரோடோனின் ஏற்பிகள் உண்டு. அங்கே செரோடோனின் பட்டதும் குளூட்டமேட் சுரப்பு குறையும், வெளிச்சத்தின் செய்தி மங்கும். வெளிச்சத்துக்கு எவ்வளவு காது கொடுப்பது என்பதில் ராஃபேக்கும் பங்கு உண்டு.

நடமாட்டமும் கடிகாரத்தை நகர்த்தும் என்பதற்கு எனக்குப் பிடித்த சோதனை, டொரான்டோவில் நிக்கோலஸ் ம்ரொசோவ்ஸ்கி 1987இல் வெளியிட்டது. ஹாம்ஸ்டர் இரவில் நடமாடும் பிராணி. கூண்டின் விளக்கு நேரத்தை 8 மணி நேரம் முன்னே தள்ளினார்கள். சிலவற்றைப் புதிய ஓட்டச் சக்கரத்தில் 3 மணி நேரம் ஓடவிட்டார்கள். ஓடாதவை பல நாள் தடுமாறின. ஓடியவை சீக்கிரமே புதிய நேரத்துக்குப் பழகிவிட்டன. ஓடும்போது கடிகாரப் பகுதியில் செரோடோனின் உயர்வதைப் பின்னால் வந்தவர்கள் அளந்தார்கள். நண்பகலில் செரோடோனின் ஏற்பிகளைத் தூண்டும் மருந்து கொடுத்தாலும் கடிகாரம் முன்னே நகர்ந்தது. எல்லாம் செரோடோனின் வேலை என்று எழுதிவிடாதே! சொன்னேனே, அந்தச் சிறு மடல், அதை அழித்தால் சக்கரம் தரும் நகர்வு நின்றுவிடுகிறது. அது அனுப்பும் நியூரோபெப்டைடு ஒய்க்குத்தான் அங்கே பெரிய பங்கு. ம்ரொசோவ்ஸ்கியின் 'ரியோஸ்டாசிஸ்' நூலைத் தேடிப் படி. உடலின் இலக்கு அளவுகளே மாறக்கூடியவை என்கிறார், நானும் அதையே நம்புகிறேன்.

வெளிச்சமே இல்லாத இடத்தில் கடிகாரம் எதைப் பின்பற்றுகிறது என்பதற்கு, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சந்திரசேகரன் குழுவின் 1981ஆம் ஆண்டு ஆய்வையும் பார். இருண்ட குகைக்குள் அடைத்த வௌவால், கூட்டம் போய்வரும் குகையில் மற்றவற்றோடு ஒத்த நேரத்தில் பறக்க முனைந்தது. தனிக் குகையில் அதன் நேரம் விலகிப்போனது. இரண்டையும் படித்துவிட்டு வா, செரோடோனினைத் தொடும் மருந்துகளைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அன்புடன்,
உன் ஆசிரியர்