மாசீர் மீனுக்கு எந்தப் போலி இரை?

உறவில் ஒரு திருமணத்துக்காகச் சென்ற மார்ச் மாதம் டெக்சாசிலிருந்து என் மகன் குடும்பத்தோடு டில்லி வந்திருந்தான். பதினோரு வயதுப் பேரன் எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் பெட்டியைச் சுமந்து வந்தான். திறந்து பார்த்தால் நாற்பதுக்குக் குறையாத போலி இரைகள்! ரப்பர் புழு, ரப்பர் தவளை, பாவாடை கட்டிய ஈயத்தலை, கண் வைத்த பிளாஸ்டிக் மீன், பித்தளைத் தகடு என்று கல்யாண வீட்டு நகைப்பெட்டியைப் போல எல்லாம் மின்னின. "தாத்தா, இதுல எதைப் போட்டா மாசீர் கடிக்கும்?" என்று கேட்டான். கல்யாணம் முடிந்ததும் அவனை வியாஸ்காட்டுக்கு அழைத்துப் போவதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

அன்று மாலை பெட்டியை மேசையில் கொட்டி, நான்கே நான்கை எடுத்து வைத்தேன். பையன் முகம் வாடிவிட்டது. ஏன் நான்கு என்று அவனுக்குச் சொன்ன பாடத்தை நம் சங்கத்து அன்பர்களுக்கும் சொல்லலாம் என்று தோன்றியது. விடுமுறைக்குக் கோட்துவார், ரிஷிகேஷ் பக்கம் போகும் குடும்பங்கள் நம்மில் பல உண்டு. தூண்டிலில் ஆசை உள்ள பிள்ளைகளும் உண்டு.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். தாமிரபரணியில் மண்புழு கோர்த்துக் கெண்டை பிடித்து வளர்ந்தவன் நான். சிவில் டிப்ளமோ முடித்து, 1981இல் இரயில்வேயில் சேர்ந்து, மொராதாபாத் கோட்டத்தில் நஜிபாபாத் பக்கம் பல ஆண்டுகள் தண்டவாளம் பார்த்தேன். உலோகத் தகட்டைக் காட்டி மீனை ஏமாற்றும் வித்தையை அங்கே மூத்த அதிகாரி ஒருவர் கற்றுக்கொடுத்தார். விடுமுறை கிடைத்தால் கோட்துவார், சத்புலி வழியாக வியாஸ்காட்டுக்குப் போய்விடுவோம். நயார் ஆறு கங்கையில் கலக்கும் இடம் அது.

பெட்டியில் இருந்தவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவின் பேஸ் மீனுக்காகச் செய்தவை. பேஸ் பெரும்பாலும் ஏரிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் வாழ்வது. பாசிக்குள்ளும் மூழ்கிய மரக்கிளைகளுக்குள்ளும் ஒளிந்திருந்து பாய்ந்து கவ்வும். அதற்கு அடிமண்ணில் ஊரும் ரப்பர் புழுவும், பாசி மேல் தாவும் ரப்பர் தவளையும் பொருத்தம். அந்தத் தவளை நம் ஊர்க் குளத்து விராலுக்கும் பொருந்தும். மாசீர் ஓடும் ஆற்றுக்குரியது. பாறை மறைவில் நின்று, நீரோட்டத்தில் தடுமாறி வரும் சிறு மீனைக் கவ்வுவது. எந்த ஸ்டேஷனுக்குப் போகிறோம் என்று தெரிந்த பிறகுதானே டிக்கெட் வாங்குகிறோம்? ஆகவே பெட்டியை மூடிவிட்டு, ஆற்றைப் பார்த்து ஐந்து கேள்விகள் கேட்கவேண்டும்.

1. தண்ணீர் தெளிவா, கலங்கலா?

தெளிந்த நீரில் மீன் கண்ணால் பார்த்து வரும், பொய்யையும் கண்டுபிடித்துவிடும். அதற்குச் சிறிய இரை, வெள்ளி நிறம், மெல்லிய நரம்பு. கலங்கல் நீரில் கண் அவ்வளவாக உதவாது. மீனின் உடம்பில் பக்கவாட்டில் செவுளிலிருந்து வால்வரை ஓடும் கோடு ஒன்று உண்டு. நீரின் அதிர்வை அது உணரும். ஆகவே கலங்கலில் சற்றுப் பெரிய, நன்றாக ஆடி அதிரும் பித்தளை அல்லது செம்பு நிறத் தகடு நல்லது. சிவப்பு நிறத்தை நம்பி ஏமாறவேண்டாம். ஆழம் போகப் போக முதலில் மறைவது சிவப்புதான். அடியில் அது கறுப்பாகவே தெரியும்.

2. நீரோட்டம் எவ்வளவு, ஆழம் எவ்வளவு?

வேகமான நீருக்கு ஸ்பூன் என்னும் குழிந்த தகடே முதல் தேர்வு. எடை இருப்பதால் தூரம் போகும். ஓட்டத்தில் இடமும் வலமும் புரண்டு, அடிபட்ட மீனைப் போல மின்னும். சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த எச். எஸ். தாமஸ் 1873இல் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றிப் புத்தகம் எழுதிய காலம் முதல் மாசீருக்கும் ஸ்பூனுக்கும் உறவு உண்டு. ஆழமில்லாத சலசலப்பில் 10 முதல் 15 கிராம், பெரிய மடுவில் 25 முதல் 30 கிராம் என்பது என் கணக்கு.

ஓட்டம் தணிந்த ஓரங்களுக்குப் பிளக் என்னும் மீன் வடிவ இரை ஏற்றது. பின்லாந்தில் லவுரி ரபாலா என்ற மீனவர் 1936இல் தக்கையைச் செதுக்கிச் செய்த மீன்தான் இந்த வகையில் உலகப் புகழ் பெற்றது. பிளக்கின் வாயருகே நாக்கு போல ஒரு தகடு இருக்கும். அது நீளமாக, முன்னோக்கிப் படுத்தாற்போல் இருந்தால் ஆழத்தில் முங்கும். குட்டையாக, செங்குத்தாக இருந்தால் மேலாகவே நீந்தும். கடைக்காரரைக் கேட்காமலே இதைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

3. தண்ணீர் எவ்வளவு குளிர்?

மீனுக்கு உடம்புச் சூடு தண்ணீரின் சூடுதான். குளிர்ந்தால் அது மந்தமாகும். இரையையும் மெதுவாக இழுக்கவேண்டும். சற்றே வெதுவெதுப்பானால் வேகமாக இழுக்கலாம். கோடையில் பனி உருகி, கங்கை குளிர்ந்து கலங்கி ஓடும். நயாரோ பனியாறு அல்ல. ஊற்றையும் மழையையும் நம்பியது. அந்தச் சமயத்தில் அதன் தண்ணீர் கங்கையைவிடத் தெளிவு, கங்கையைவிட இதம். இரண்டும் சேரும் கோட்டில் மாசீர் காத்து நிற்கும். அந்தக் கோட்டின் குறுக்கே ஸ்பூனைப் போடத் தெரிந்தவனுக்கு நாற்பது இரை தேவையில்லை.

4. மாசீர் இன்று என்ன தின்கிறது?

கரையோரம் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். விரல் நீளக் குஞ்சுகள் துள்ளினால் விரல் நீள இரை. உள்ளங்கை அளவு மீன்கள் ஓடினால் அதே அளவு. நிறம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அளவு முக்கியம்.

5. கொக்கி எப்படி?

இதைத்தான் எல்லாரும் கடைசியில் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். மாசீருக்குத் தாடையில் பல் கிடையாது. தொண்டைக்குள் பல் உண்டு. அந்தப் பிடியில் மெல்லிய கம்பிக் கொக்கி வளைந்தே போகும். ஆகவே கனமான கொக்கி வேண்டும் என்பது முதல் பாடம். இரண்டாவது பாடத்தை நான் கற்ற விதம் வேறு.

1986ஆம் ஆண்டு, ஆவணி மாதம். மழைக்காலத்தில் தூண்டில் போடக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லியும் கேட்காமல், எங்கள் கேங்மேட் ஒருவரை அழைத்துக்கொண்டு நயாருக்குப் போனேன். மூன்று முள் கொக்கி கட்டிய சிறு சுழல் தகடு ஒன்றைப் போட்டேன். பெரிய மாசீர் அதைத் தொண்டைவரை வாங்கிவிட்டது. அரைமணி நேரப் போராட்டத்துக்குப் பின் கரைக்கு வந்தபோது கொக்கி செவுளில் மாட்டி இரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. கழற்ற முயன்றேன், ஒரு முள்ளை எடுத்தால் மற்றொன்று ஏறியது. என் கையிலேயே அது அடங்கியது. கேங்மேட் அதன் வயிற்றைத் தடவிப் பார்த்து, "பேட் மே அண்டா ஹை, ஸாப்" என்று மட்டும் சொன்னார். முட்டையிடுவதற்காகவே கங்கையிலிருந்து நயாருக்குள் ஏறி வந்த மீன்! என் பிள்ளைகளுக்கு நான் சொல்லாமல் வைத்திருந்த சம்பவம் இது. பேரனிடம் சொன்னேன்.

அன்று முதல் என் பெட்டியில் மூன்று முள் கொக்கி கிடையாது. வாங்கிய இரையில் அது இருந்தால் கழற்றிவிட்டு, கனமான ஒற்றைக் கொக்கி மாட்டுகிறேன். கொக்கி முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் குட்டி முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுகிறேன். நரம்பு தொய்யாமல் பிடித்தால் மீன் நழுவாது. விடும்போது நொடியில் கழன்று வரும். தொண்டைக்குள் போய்விடும் மிகச் சிறிய இரையைப் பெரிய மீன் நிற்கும் மடுவில் போடுவதுமில்லை.

இதில் பிடிவாதம் ஏன் என்றால், மாசீரின் நிலைமை அப்படி. உத்தராகண்ட் மாநில மீனான பொன் மாசீர் இன்று அழிவை எதிர்நோக்கும் இனங்களின் உலகப் பட்டியலில் இருக்கிறது. நம் காவிரியில் வாழும் அதன் உறவான திமில் மாசீர் 2018இல் இன்னும் மோசமான படிக்கு, மிக ஆபத்தான நிலையில் உள்ளவற்றின் வரிசைக்கு வந்தது. அணைகள் வழியை அடைக்கின்றன. வெடி வைத்தும் பிளீச்சிங் பவுடர் கலந்தும் மீனைக் கொல்கிறார்கள். மணலும் கூழாங்கல்லும் அள்ளுவதால் முட்டையிடும் இடம் போகிறது. இவற்றை நம்மால் உடனே நிறுத்த முடியாது. நம் கையில் உள்ள கொக்கியை மாற்ற முடியும்.

பேரனுக்காக எடுத்து வைத்த நான்கு இவைதான்: வெள்ளி ஸ்பூன் ஒன்று, பித்தளை ஸ்பூன் ஒன்று, மேலாக நீந்தும் பிளக் ஒன்று, ஆழம் போகும் பிளக் ஒன்று. கொக்கிகளை மாற்றி, குறட்டை அவன் கையிலேயே கொடுத்தேன். முட்களை அவனே நசுக்கினான்.

வியாஸ்காட்டில் முதல் நாள் ஒன்றும் கிடைக்கவில்லை. பித்தளை ஸ்பூன் பாறைக்குக் காணிக்கையானது. மறுநாள் காலை தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. எதைப் போடுவது என்று நான் சொல்லவில்லை. சற்று நேரம் கரையைப் பார்த்துவிட்டு, வெள்ளி ஸ்பூனை அவனே எடுத்தான். ஒன்பது மணிக்குள் முழங்கை நீள மாசீர் ஒன்று வந்தது. கையை நனைத்துக்கொண்டு, தண்ணீரை விட்டு வெளியே தூக்காமல், ஒற்றைக் கொக்கியைக் கழற்றினோம். தலையை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்திருந்தான். செவுள் நாலைந்து முறை அசைந்தது. பிறகு வாலால் அவன் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டுப் போயிற்று.

போக விரும்பும் அன்பர்கள் முதலில் உள்ளூர் அலுவலகத்தில் அனுமதிச் சீட்டையும் விதிகளையும் விசாரித்துக்கொள்ளுங்கள். தேசியப் பூங்கா எல்லைக்குள் தூண்டில் கூடவே கூடாது. மழைக்காலத்தில் ஆற்றை மீனுக்கே விட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டை போடாமல் கங்கைக் கரையில் நிறுத்தாதீர்கள். பெட்டியில் ஒரு குறடு மறக்காமல் இருக்கட்டும்.