பெற்றோர் பராமரிப்பு: யாரைக் கேட்பது, எப்போது கேட்பது?

இந்த மாதப் பாடம் பித்ரு ரிணம் பற்றியது. ஆனால் திதி, தர்ப்பணம் பற்றி இல்லை. உயிரோடு நம் வீட்டு ஹாலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர்களைப் பற்றி.

சிரவணன் கதையைச் சமய வகுப்பில் எல்லாரும் கேட்டிருப்போம். கண் தெரியாத அப்பா அம்மாவைக் காவடி போல இரண்டு பக்கமும் கூடையில் வைத்துத் தோளில் சுமந்தவன். தண்ணீர் மொள்ளப் போன இடத்தில், யானை என்று நினைத்து தசரதன் விட்ட அம்பு பட்டு இறந்தான். வகுப்பில் பெரும்பாலும் முதல் பாதியை வைத்து "இப்படி ஒரு பிள்ளையா இருக்கணும்" என்று முடித்துவிடுவார்கள். எனக்கு இப்போதெல்லாம் இரண்டாவது பாதிதான் மனசில் நிற்கிறது. அவன் போனதும் அந்த இரண்டு பேருக்கும் ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை. அந்தத் துக்கத்திலேயே அவர்களும் போய்விட்டார்கள்.

பொறியியல் படிப்பில் ஆரம்பத்திலேயே சொல்லிக் கொடுப்பார்கள்: ஒரே ஒரு பாகம் பழுதானால் மொத்தமும் நின்றுவிடும்படி எதையும் அமைக்காதே. நம் வீடுகளில் அந்த ஒரு பாகம் யார் என்று யோசித்துப் பாருங்கள். முக்கால்வாசி வீட்டில் அம்மாதான்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பாட்டிக்கு மறதி நோய் வந்ததும் அம்மா வேலையை விட்டாங்க. ஒரு நாள் காலையில் பாட்டியைக் கட்டிலிலிருந்து தூக்கும்போது அம்மாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. நான் வகுப்பில், அப்பா வேலையில். அம்மா தரையில், பாட்டி கட்டில் ஓரத்தில், இரண்டு பேரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே இருந்திருக்கிறார்கள். எனக்கு வந்த மூன்று போன் அழைப்பையும் நான் எடுக்கவில்லை. டெஸ்ட் நடந்துகொண்டிருந்தது.

அதற்கு அப்புறமும் நாங்கள் உடனே உதவி கேட்கவில்லை. சொந்தக்காரர் ஒருவர் "என்ன, ஹோம்ல போடப் போறீங்களா?" என்று கேட்டார். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து இரண்டு மாசம் வீணாகப் போனது. வெளி உதவி என்றாலே தாதிமை இல்லம் மட்டும்தான் என்று நாங்களும் நினைத்துக்கொண்டிருந்தோம். அது தப்பு.

சிங்கப்பூரில் வீட்டுக்கும் தாதிமை இல்லத்துக்கும் நடுவில் நிறைய படிகள் இருக்கின்றன. பெரியவர் இன்னும் நடமாடுகிறார், தனிமைதான் பிரச்சினை என்றால் பக்கத்து புளோக்கின் கீழேயே துடிப்பாக மூப்படையும் நிலையம் இருக்கலாம். பகலில் வீட்டில் ஆள் இல்லை என்றால் முதியோர் பகல்நேரப் பராமரிப்பு நிலையம். காலையில் போய், சாயங்காலம் திரும்பலாம். மறதி நோய் உள்ளவர்களுக்குத் தனியான பகல்நேர நிலையங்களும் உண்டு. வெளியே போக முடியாதவர்களுக்குத் தாதியோ மருத்துவரோ வீட்டுக்கு வருவார்கள். குளிப்பாட்ட, உடை மாற்ற ஆள் வரும் சேவை உண்டு. சாப்பாடு கொண்டுவந்து தரும் சேவையும் உண்டு. பராமரிப்பவருக்குச் சில நாள் ஓய்வு கிடைக்கப் பெரியவரைத் தற்காலிகமாக ஓர் இல்லத்தில் தங்கவைக்கும் ஏற்பாடும் இருக்கிறது. அம்மாவுக்கு இது தெரிந்திருந்தால் முதுகு இந்த நிலைமைக்கு வந்திருக்காது.

இதற்கெல்லாம் நுழைவாயில் ஒன்றுதான். ஏஐசி என்று சொல்லப்படும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு. தொலைபேசி எண் 1800 650 6060. பெரியவர் மருத்துவமனையில் இருந்தால், வீட்டுக்கு அனுப்பும் முன்னாலேயே மருத்துவச் சமூக ஊழியரைப் பார்க்கணும் என்று வார்டில் கேளுங்கள். இல்லையென்றால் பலதுறை மருந்தகத்தில் கேட்கலாம். எங்கள் விஷயத்தில் ஒரு தாதி பாட்டியின் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, அம்மாவைப் பார்த்து "உங்களை யார் பாத்துக்கிறாங்க?" என்று கேட்டார். அம்மா அங்கேயே அழுதுட்டாங்க. அன்றைக்குத்தான் வேலை நகர்ந்தது.

இனி முக்கியமான பகுதி. உதவித்தொகை, காப்புறுதி, எந்தச் சேவை பொருந்தும் என்பதில் பெரும்பகுதி ஆறு அன்றாடச் செயல்களை வைத்தே முடிவாகிறது: குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறை போவது, நடமாடுவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது. ஆறில் குறைந்தது மூன்றுக்கு எப்போதும் இன்னொருவர் உதவி தேவை என்றால் இல்லப் பராமரிப்பு மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2019-இல் தொடங்கிய திட்டம் இது. மாதாமாதம் ரொக்கமாக வரும், தொகை குடும்ப வருமானத்தைப் பொறுத்தது.

இங்கேதான் நம் ஆட்கள் கோட்டைவிடுகிறார்கள். மதிப்பீடு செய்ய வந்தவர் பாட்டியிடம் "நீங்களே குளிப்பீங்களா?" என்று கேட்டார். பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்து, "ஏன், எனக்கென்ன கேடு? நானே குளிப்பேன், சமைப்பேன்" என்றார். பாட்டி அடுப்புப் பக்கம் போய் இரண்டு வருஷம் ஆச்சு! பொய் சொல்லவில்லை, மானம். புது ஆள் முன்னால் எந்தப் பெரியவரும் தன் இயலாமையை ஒத்துக்கொள்ள மாட்டார். மறதி நோய் இருந்தால் அவருக்கே அது தெரியாமலும் இருக்கலாம். பக்கத்தில் நின்ற அம்மாவும் மாமியாரை மறுத்துப் பேசத் தயங்கி வாயை மூடிக்கொண்டாங்க.

நல்லவேளை, என் கையில் ஒரு நோட்டு இருந்தது. லேப் ரிப்போர்ட் எழுதும் பழக்கத்தில் ஒரு வாரம் குறித்துவைத்திருந்தேன். காலை 6 மணி, எழுப்ப இருவர். குளியல், ஒருவர், 40 நிமிடம். இரவு 2 மணி, கழிவறை, தூக்க வேண்டியிருந்தது. அதைத் தனியாகக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். பாட்டி முன்னால் காட்டவில்லை. அவர் மனசை உடைக்க வேண்டிய அவசியம் இல்லையே. நீங்களும் இதைச் செய்யுங்கள். அம்மா அப்பாவுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பதைவிட இந்த ஒரு வாரக் குறிப்பு பெரிய உதவி.

காப்புறுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2002-இல் எல்டர்ஷீல்டு வந்தது. முதலில் மாதம் 300 வெள்ளி, 5 வருஷம் வரை. 2007-இலிருந்து மாதம் 400 வெள்ளி, 6 வருஷம் வரை. 2020-இல் வந்த கேர்ஷீல்டு லைஃப் மாதம் 600 வெள்ளியில் தொடங்கியது. கடும் உடற்குறை நீடிக்கும்வரை ஆயுள் முழுக்கக் கிடைக்கும். 1980-இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு இது கட்டாயம். 1979-க்குள் பிறந்த நம் அப்பா அம்மாவுக்கு விருப்பம்தான். 1970 முதல் 1979 வரை பிறந்து எல்டர்ஷீல்டு 400 வைத்திருந்தவர்களில் உடல்நலம் உள்ளவர்களைத் தானாகவே சேர்த்தார்கள், ஆனால் சிலர் விலகியும்விட்டார்கள். உங்கள் வீட்டில் எது என்று சிங்பாஸ் வழியாகப் பார்த்துவிடலாம். என் அப்பாவுக்கு அவர் எதில் இருக்கிறார் என்றே தெரியவில்லை.

கழிவறையைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், என் துறை அப்படி. துண்டு போடும் கம்பியும் கைப்பிடிக் கம்பியும் ஒன்றல்ல. முதலாவது ஈரத் துண்டைத் தாங்கும், விழப்போகும் மனுஷனைத் தாங்காது. சுவரிலிருந்து பிய்ந்து அவரோடு சேர்ந்து கீழே வரும். வீவக வீடுகளுக்கு ‘ஈஸ்’ என்ற திட்டம் 2012 முதல் இருக்கிறது. கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, சாய்தளம் எல்லாம் செய்து தருவார்கள். சிங்கப்பூரர் குடும்பத்துக்குச் செலவில் பெரும்பகுதியை, வீட்டு வகையைப் பொறுத்து 95 விழுக்காடு வரை, அரசாங்கமே ஏற்கும். வீட்டில் 65 வயதானவர் இருந்தால் போதும். 60 முதல் 64 வயது என்றால் அன்றாடச் செயல்களில் உதவி தேவைப்படுபவராக இருக்கணும். விழுந்த பிறகு இல்லை, இப்போதே விண்ணப்பியுங்கள்.

இன்னொன்று எல்பிஏ என்ற அதிகாரப் பத்திரம். தனக்கு முடிவெடுக்கும் திறன் போய்விட்டால் பணவிஷயத்தையும் உடல்நல விஷயத்தையும் யார் பார்க்கணும் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைப்பது. 21 வயதிலிருந்து யாரும் செய்யலாம். ஆனால் அறிவு தெளிவாக இருக்கும்போதே செய்யணும். மறதி முற்றிய பிறகு குடும்பம் நீதிமன்றத்துக்குத்தான் போகணும். பாட்டிக்கு நாங்கள் இதில் பிந்திவிட்டோம். "சாகுறதுக்கு முன்னாடியே பங்கு கேக்குறீங்களா" என்று யாராவது கோபப்படலாம். இது உயில் இல்லை, அவர் உயிரோடு இருக்கும்போது மட்டும் செல்லும் பத்திரம் என்று பொறுமையாக விளக்குங்கள்.

கடைசியாக, நம் சமயம் சார்ந்த கேள்வி. மறதி நோய் வளர வளர, பின்னால் கற்ற மொழிகள் முதலில் நழுவுவதுண்டு. பாட்டி நன்றாகப் பேசிய பசார் மலாய் இப்போது வருவதில்லை, தமிழ் மட்டும்தான். ஆகவே நிலையத்தைப் பார்க்கப் போகும்போது தயங்காமல் கேளுங்கள்: தமிழ் பேசும் ஊழியர் எந்த வேளையில் இருப்பார்? சைவச் சாப்பாடு உண்டா? மாட்டிறைச்சி கலக்காமல் தனியாகச் சமைப்பார்களா? திருநீறு பூசிவிடுவார்களா? முழுநேரத் தாதிமை இல்லமே தேவை என்ற நிலை வந்தாலும் கேட்க வேண்டியவை இவைதான். யீஷூனில் ஸ்ரீ நாராயண மிஷன் நடத்தும் இல்லம் இந்தியச் சமூக அமைப்பு ஒன்று தொடங்கியது, எல்லா இனத்தவரையும் ஏற்கிறது. அங்கே பெரியவரை விட்டிருக்கும் குடும்பத்தைப் பார்த்து ‘போட்டுட்டாங்க’ என்று பேசும் வாயை நம் இயக்கத்திலாவது நிறுத்துவோம்.

பாட்டி இப்போது வாரம் மூன்று நாள் பகல்நேர நிலையத்துக்குப் போகிறார். முதல் வாரம் வேனில் ஏற மறுத்தார். இப்போது அதைக் கோயிலுக்குப் போகும் வண்டி என்று நினைத்து, காலையிலேயே பூ வைத்துவிடச் சொல்கிறார். அம்மா அந்த மூன்று நாளில் ஒரு நாள் பிசியோவுக்குப் போறாங்க.

அடுத்த வகுப்புக்கு வரும் முன் வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்: தாத்தா பாட்டி அல்லது அப்பா அம்மா சாப்பிடும் மருந்துகளின் பெயர், அவர்கள் எந்தக் காப்புறுதியில் இருக்கிறார்கள், அம்மா ஒரு வாரம் படுத்துவிட்டால் வீட்டில் யார் என்ன செய்வார்கள். மூன்றாவது கேள்வியை அம்மாவிடம் கேட்காதீர்கள். அப்பாவையும் அண்ணன் தம்பியையும் கேளுங்கள்.