மாநிறமும் எல்.இ.டி. விளக்கும்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். முகூர்த்த நாள்களில் திருச்சியிலும் திருவரங்கத்திலும் வீடியோ எடுப்பவருக்கு விளக்குப் பிடித்து, அந்த வருவாயில் படித்து வருகிறேன். வகுப்பில் கற்ற இயற்பியல் அவ்விளக்கைப் பற்றிச் சொல்வதை இங்கே எழுத விரும்புகிறேன்.

பழைய விளக்கும் புதிய விளக்கும்

முன்பு திருமணங்களில் 1000 வாட் ஹாலஜன் விளக்குகளே பயன்பட்டன. அவற்றின் வெப்பத்தில் மணமக்கள் வியர்த்தனர். கம்பியின் நீளத்திற்கு அப்பால் விளக்கு நகராது. எல்.இ.டி. விளக்கோ பேட்டரியில் எரியும். அம்மா மண்டபம் படித்துறையில் விடியுமுன் படம் எடுக்க இதுவே உதவும். 7.2 வோல்ட், 6.6 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏறத்தாழ 47 வாட்-மணி ஆற்றல் உண்டு. எனவே 30 வாட் விளக்கு ஒன்றரை மணி நேரம் எரியும்.

வெண்மையின் உண்மை

நீல எல்.இ.டி.யை உருவாக்கிய அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த நீல ஒளியின் ஒரு பகுதியை, மேலே பூசிய பாஸ்பர் மஞ்சளாக மாற்றுகிறது. இரண்டும் கலந்தால் கண்ணுக்கு வெள்ளை. ஆனால் மலிவான விளக்குகளில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. நம் தோலோ நீலத்தை மிகுதியாக உட்கொண்டு, சிவப்பையே மிகுதியாகத் திருப்பி அனுப்புவது. வராத சிவப்பை அது எங்ஙனம் திருப்பும்? ஆகவே மாநிற முகம் சாம்பல் பூத்துத் தெரிகிறது. குங்குமமும் கூறைப்புடவையும் மங்குகின்றன.

விளக்குப் பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் இருக்கும். எட்டு வெளிர்நிறங்களின் சராசரியே அது. அடர்சிவப்பு அதில் சேராது. ஒன்பதாவதாகத் தனியே அளக்கும் அந்தச் சிவப்பின் எண்ணையும் (ஆர்-9) கேட்டு வாங்குதல் நலம்.

எளிய சோதனைகள்

திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த சர் சி. வி. இராமன், சிதறிய ஒளியைப் பிரித்து ஆராய்ந்தே நோபல் பரிசு பெற்றார். நமக்குப் பழைய குறுந்தகடு ஒன்று போதும். அட்டையில் மெல்லிய பிளவு வெட்டி விளக்கின் முன் வையுங்கள். தகட்டைச் சாய்த்துப் பிடித்து, அதில் தெரியும் நிறமாலையைப் பாருங்கள். குண்டு பல்பின் நிறமாலையோடு ஒப்பிட்டால் சிவப்பின் குறை விளங்கும். (சூரியனை இவ்வாறு பார்க்கலாகாது.)

அடுத்தது துடிப்பு. ஒளியைக் குறைத்து வைத்து, விளக்கின் முன் பேனாவை வேகமாக ஆட்டுங்கள். பேனா துண்டு துண்டாகத் தெரிந்தால் விளக்கு துடிக்கிறது. படத்தில் பட்டைகள் விழக்கூடும். மண்டபத்து மின்விளக்குகளும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை துடிக்கக்கூடும். காமிராவின் ஷட்டரை 1/50 நொடியில் வைத்தால் ஒவ்வொரு படத்திலும் இரண்டு முழுத் துடிப்புகள் அடங்கும், பட்டை விழாது.

முடிவுரை

“பொண்ணு கறுப்பாத் தெரியுது, லைட்டைக் கூட்டுப்பா” என்ற குரலைப் பல மண்டபங்களில் கேட்டிருக்கிறேன். ஒளியைக் கூட்டினால் முகம் வெளுக்கும். இல்லாத சிவப்பு வராது. குறை பெண்ணின் நிறத்தில் இல்லை, விளக்கின் நிறமாலையில் இருக்கிறது. திருமணம் ஒருமுறை நிகழ்வது; கடன் வாங்கிப் படம் எடுப்போரும் உண்டு. அவர்கள் முகம் அவர்கள் முகமாகவே பதிய வேண்டும் என்பதே என் அவா.