கோகும் மாகோகும்: ஒரு பெயரைத் தேடிய வரலாறு

இறுதிக் காலம் குறித்த விவிலிய முன்னறிவிப்புகளுள், எசேக்கியேல் நூலின் 38, 39ஆம் அதிகாரங்களைப் போல் அவ்வக்கால அரசியலோடு இணைத்துப் படிக்கப்பெற்றவை சிலவே. மாகோகு நாட்டுக் கோகு என்பான் வடதிசையிலிருந்து பெரும்படையுடன் இஸ்ரவேல்மீது எழுவான் என்பது அவற்றின் செய்தி. அவன் யாவன் என்பதே வினா.

4ஆம் நூற்றாண்டில் மிலான் நகர ஆயர் அம்புரோசு, உரோமப் பேரரசை அச்சுறுத்திய கோத்தியரையே கோகு என்றார். 1529இல் துருக்கியர் வியன்னாவை முற்றுகையிட்டனர். மறு ஆண்டே மார்ட்டின் லூத்தர் இவ்வதிகாரங்களைத் துருக்கியர்மேல் ஏற்றி வெளியிட்டார். 1970இல் அமெரிக்கர் ஹால் லிண்ட்சே எழுதிப் பல்லாயிரவர் வாங்கிப் படித்த நூலில் கோகு சோவியத் ஒன்றியமானான். யாரைக் கண்டு அஞ்சினரோ அவரே கோகு!

உருசிய விளக்கத்தின் அடித்தளத்தை மொழி பயிலும் மாணவர் ஊன்றி நோக்குதல் வேண்டும். எபிரேய மூலத்தில் வரும் 'ரோஷ்' என்னும் சொல்லுக்குத் தலை, தலைமை என்பது பொருள். அரபியின் 'ரஃஸ்' இதற்கு உறவுச்சொல். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு இதனைப் பெயர்ச்சொல்லாகக் கொண்டது. பிற்காலத்தார் அதனை உருசியா என்றும், மேசேக்கை மாஸ்கோ என்றும், தூபாலைத் தொபோல்ஸ்க் என்றும் கொண்டனர். எசேக்கியேல் வாழ்ந்தது கி.மு. 6ஆம் நூற்றாண்டு, தொபோல்ஸ்க் நகரம் எழுந்ததோ கி.பி. 1587. மேசேக்கும் தூபாலும் அனத்தோலியாவில் வாழ்ந்த மக்கள். அசீரியக் கல்வெட்டுகள் அவர்களை 'முஷ்கி', 'தபால்' எனக் குறிக்கின்றன. (நம் அஞ்சலகத் தபாலோடு இதனை இணைக்க இதுவரை எவரும் துணியவில்லை!)

இவ்வேட்கை கிறித்தவர்க்கு மட்டும் உரியதன்று. திருக்குர்ஆனின் 18, 21ஆம் அத்தியாயங்கள் கூறும் யஃஜூஜ், மஃஜூஜ் கூட்டத்தாரைத் தடுத்த அரணைக் கண்டுவர, 9ஆம் நூற்றாண்டில் அப்பாசியக் கலீபா வாதிக், ஸல்லாம் என்னும் மொழிபெயர்ப்பாளரை அனுப்பினார் என இப்னு குர்தாத்பிஹ் எழுதியுள்ளார். ஆயினும், அவ்வேளை பற்றிய அறிவு இறைவனிடமே உள்ளது என்கிறது குர்ஆன் (7:187). அந்நாளையும் நாழிகையையும் தந்தையன்றி எவரும் அறியார் என்பதே மத்தேயு 24:36இன் கருத்தும். கோகு, மாகோகு ஆகியோரைக் குறிப்பிட்ட ஓர் இனத்தாராகக் கொள்ளலாகாது என்று அகுஸ்தீனார் 5ஆம் நூற்றாண்டிலேயே மறுத்துரைத்தார். அம்மறுப்பைச் செவிமடுத்தோர் குறைவு. இறைவனின் பகைவர் என முத்திரை குத்தப்பெற்ற மக்களோ பலர்.

1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. பழைய விளக்கமும் அதனோடு மறையும் என எண்ணினோர் உளர். 2022 பிப்ரவரியில் உருசியப் படை உக்ரைனுள் புகுந்த சில நாள்களில், அமெரிக்கச் சமயப் பரப்புரையாளர் பேட் ராபர்ட்சன் தொலைக்காட்சியில் தோன்றி, மீண்டும் எசேக்கியேலைப் புரட்டலானார்.